கல்வாழை இலையில் வெந்தது

யோகா அன்ரி தொலைபேசியில் கேட்டது சாதாரணக் கேள்விதான்.

"தம்பி, வேதாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

வாசுதேவன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். மறுமுனையில், பக்கத்துப் புறநகரான ஸ்பிரிங்வேலில், அன்ரியின் குசினியில் ஏதோ தாளிபடும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை ஆட்டத்திவசம். படையலிலை அவவுக்கு விருப்பமானது ஒண்டாவது இருக்கவேணும். மிச்சத்தை நான் பாப்பன். அதை மட்டும் நீர் சொல்லும்."

"யோசிச்சுச் சொல்றேன் அன்ரி."

"மூண்டு வருசம் குடும்பம் நடத்தின மனிசனுக்கு யோசனை வேணுமோ?" விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, ஆறுதலா யோசியும். இட்டலிச் சட்டியை எடுத்துக் கழுவி வையும். என்ர சின்னன். வாற சனத்துக்குக் காணாது. வைக்கட்டே?"

தொலைபேசி ஓய்ந்தது. கேள்வி ஓயவில்லை.

வேதவல்லி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் தலைவலிக்கிறது என்று புல்லில் உட்கார்ந்தாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருந்தது. பாதித் துணி கொடியிலும் பாதி கூடையிலும் கிடந்தன. வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த பக்கத்து வீட்டு மிசஸ் பார்க்கர்தான் ஆம்புலன்ஸை அழைத்தாள். பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வாசுதேவன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தன. அவன் வேலைக்குப் போனான், வந்தான். கிளேட்டன் ரயில் நிலையத்தில் சிக்னல் மணி அடிப்பது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. பல்கலைக்கழக உணவகத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு, வீட்டில் ரொட்டி. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. உப்பு தூவினாலும் அப்படியே, தூவாவிட்டாலும் அப்படியே.

அவளுக்கு என்ன பிடிக்கும்?

தனக்கு என்ன பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு ரோஸ்ட், அடைக்கு வெல்லம். அவற்றையெல்லாம் அவள் செய்தாள். அவன் தட்டருகே நின்று பரிமாறினாள். "நீயும் உட்காரேன்" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறான். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்பாள். அந்த அப்புறத்தில் அவன் ஆய்வுக் கட்டுரைகளோடு அறைக்குள் இருந்தான். அவள் பசியாறிச் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. விமானத்தில்கூடத் தன் பங்கு இனிப்பை அவன் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

எழுந்துபோய் இட்லிப் பாத்திரத்தைத் தேடினான். அதையாவது செய்யலாம்.

அது இல்லை.

அடுப்புக்குக் கீழே இல்லை. அலமாரியில் இல்லை. துணி துவைக்கும் அறையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், எங்கும் இல்லை. சின்னப் பொருளும் அல்ல. திருச்சி பெரிய கடைவீதியில் அவளுடைய அம்மா பேரம் பேசி வாங்கிய கனமான அலுமினியப் பாத்திரம். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வேதா ஆஸ்திரேலியாவுக்கு வந்தாள். சுங்க அதிகாரி மூடியைத் திறந்து, குழித்தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது என்ன இயந்திரம் என்று கேட்டார். "ஆவிக்காக" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் அவர் விழித்த விழியைச் சொல்லிச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டாள்.

அந்தப் பாத்திரம் இந்த வீட்டில் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். நவம்பர் மாதத்து மாலை வெயில் எங்கும் தேன்போல வழிந்து கிடந்தது. எங்கோ புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலியோரம் கல்வாழைகள் தழைத்திருந்தன. வேதா வைத்தவை. பூவுக்காக என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் போன வருஷம் பூக்கும் முன்பே இலைகள் காணாமல் போயின. போஸம் என்ற மரவிலங்குதான் ராத்திரியில் வந்து தின்கிறது, வலை கட்டவேண்டும் என்று சொன்னான். "தின்னுட்டுப் போகட்டும், பாவம்" என்றாள் வேதா. ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது வேலிக்கு மேலே ஒரு கை கத்தரிக்கோலோடு நீண்டது.

"இலை வெட்டிக்கலாமா?" என்றாள் மிசஸ் பார்க்கர்.

கரீபியன் கடலிலுள்ள பார்படோஸ் தீவுக்காரி. பெயர் இஸ்மே. கறுத்த, பெரிய உடம்பு. நர்ஸ் வேலை. கணவர் டக்ளஸ் ஆஸ்திரேலியர், ரயில்வேயில் இரவுப் பணி. துக்க வீட்டின் முதல் வாரங்களில் அவள் தினமும் வாசலில் ஏதாவது மூடி வைத்துவிட்டுப் போவாள். அவன் தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். சாப்பிட்டானா என்று நினைவில்லை.

"எதுக்கு இலை?" என்றான்.

"காங்கி செய்ய. நவம்பர் ஆச்சே." அவன் முகத்தைப் பார்த்தாள். "வேதா சொல்லவே இல்லையா?"

"இல்லை."

இஸ்மே கத்தரிக்கோலை வேலிக் கட்டையின்மேல் வைத்தாள். "சோளமாவு, பூசணி, தேங்காய். எல்லாத்தையும் பிசைஞ்சு வாழையிலையில மடிச்சு ஆவியில வேகவைப்போம். நவம்பர்ல எங்க ஊர்ல அது இல்லாத வீடு கிடையாது. இங்க வாழையிலைக்கு எங்க போறது? அலுமினியத் தாள்ல சுத்தினேன். தகர வாசனைதான் வந்துச்சு. அதைச் சாப்பிட்டுப் பார்த்த வேதா ஒண்ணுமே சொல்லல. எழுந்து போனா. இந்த இலையை வெட்டிக்கிட்டு வந்தா. அடுத்த தடவை அந்தப் பாத்திரத்தையும் தூக்கிக்கிட்டு வந்துட்டா."

"பாத்திரம்."

"என்கிட்டதான் இருக்கு. போன நவம்பர்ல செஞ்சப்ப வச்சிட்டுப் போனா. திருப்பிக் கொடுக்கலாம்னு எத்தனையோ தடவை உங்க வாசல் வரைக்கும் வந்திருக்கேன். கையில நீட்டிட்டு என்ன பேசறதுன்னு தெரியல. திரும்பிப் போயிடுவேன்."

வாசுதேவன் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அவளுக்கு அது பிடிக்குமா?"

கேள்வி எவ்வளவு விநோதமானது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. இஸ்மேக்கும் உறைத்திருக்கவேண்டும். அவள் பதிலை அவசரப்படுத்தவில்லை.

"எனக்கு லீவு நாள் புதன்கிழமை. புதன்கிழமை மத்தியானமெல்லாம் இங்கதான். அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவா. உட்காருன்னா கேக்கமாட்டா. சூடு தாங்காம இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்தி மாத்தி, ஊதி ஊதி. கடைசியில இலையில ஒட்டியிருக்கிறதை விரலால வழிச்சு... எனக்கே வெட்கமா இருக்கும், அப்படிச் சாப்பிடுவா."

புல் வெட்டும் இயந்திரம் நின்றது. தெரு முழுவதும் அமைதியானது.

"சனிக்கிழமை அவளுக்குப் படைக்கணும்" என்றான். "எனக்குச் செய்யச் சொல்லிக் கொடுங்க."

அன்றிரவே யோகா அன்ரியிடம் சொன்னான். காங்கி என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"வெள்ளைக்காரற்ற சாப்பாடோ?"

"இல்ல அன்ரி. பார்படோஸ்."

"அது எங்கை கிடக்கு?" தூரத்தில் அன்ரியின் கணவர் கணேசலிங்கம் அங்கிள், "கிரிக்கெட் விளையாடுற தீவப்பா" என்றது கேட்டது. அன்ரி குரலை இறுக்கினார். "அவை மாடு பண்டி எல்லாம் போட்டுச் சமைக்கிற சட்டியெல்லே தம்பி."

"சட்டி வேதாவோடதுதான்."

அன்ரியின் குரல் இளகியது.

"முட்டை?"

"கிடையாது."

"அப்ப சரி. ஆனா ருசி பாக்கப்படாது, அவவிட்டைச் சொல்லிப்போடும். வேதாவுக்கு வச்ச பிறகுதான் எங்கடை வாயிலை படவேணும்."

வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு லீவு சொன்னான். இஸ்மேயும் பணியை மாற்றிக்கொண்டிருந்தாள். வீதியோர இத்தாலியர் கடையில் சோளமாவு வாங்கிக்கொண்டு, கல்வாழை இலைகளைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு, முதல் முறையாக அந்தக் குசினிக்குள் நுழைந்தான்.

இஸ்மே உதட்டில் விரலை வைத்தாள். உள்ளறையில் டக்ளஸ் தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் வேலை செய்தவர். அதனால் அந்த வீட்டில் பகலில் எல்லாம் கிசுகிசுப்புதான். கரண்டியை மெதுவாக வைத்தார்கள். குழாயை மெல்லிய நூலாகத் திறந்தார்கள். மூன்று வருஷம் பக்கத்திலிருந்தும் இந்தக் குசினியின் சத்தம் தன் காதில் விழாமல் போனது ஏன் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. இரண்டு பெண்கள் இங்கே ரகசியமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பாத்திரம் மேசைமேல் இருந்தது. பளபளவென்று தேய்த்திருந்தாள். மூடியின் பிடியில் சுற்றியிருந்த துணி மட்டும் பழையது. வேதாவின் நீலப் பாவாடையிலிருந்து கிழித்தது. அதை அவிழ்க்காமலே தேய்த்திருக்கிறாள்.

"அவ என்னை அக்கான்னு கூப்பிடுவா" என்று கிசுகிசுத்தாள் இஸ்மே. "அப்படின்னா என்னன்னு கேக்கணும்னு நெனைப்பேன். மறந்துடும்."

"மூத்த சகோதரி."

"ஓ." பூசணித் துருவலைக் கிண்ணத்தில் தட்டினாள். "நான் ஏதோ பெரியம்மா மாதிரி, கிழவின்னு சொல்றாளோன்னு சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன்."

சாம்பல் நிறத் தோல் பூசணி. உள்ளே அத்தனை மஞ்சள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் துருவியாகிவிட்டது. தேங்காய் காய்ந்த துருவல்தான். பாலில் ஊறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சோளமாவில் கொட்டி, வெண்ணெய் உருக்கி ஊற்றி, திராட்சையைத் தூவி, இஸ்மே கையை விட்டுப் பிசைந்தாள். பிசைந்த விரல் தானாக வாய்க்குப் போனது.

"மிசஸ் பார்க்கர்."

விரல் பாதியில் நின்றது.

"ருசி பார்க்கக் கூடாது. அவளுக்கு வச்ச பிறகுதான்."

"பிசையறவகூடவா?"

"பிசையறவங்கதான் முக்கியமா."

இஸ்மே அவனையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏழு வயசுலேர்ந்து இதைச் செய்யறேன். ருசி பார்க்காம ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல. என் கை நான் சொன்னாக் கேக்காது. பொறுங்க." கொல்லைக் கதவோரத்துக் கூடையிலிருந்து துணிக்கொடிக்கு மாட்டும் மரக் கிளிப் ஒன்றை எடுத்தாள். அதைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு, இனி கவலையில்லை என்பதுபோலக் கையை விரித்துக் காட்டினாள்.

வாசுதேவனின் முகத்தில் எங்கோ ஒரு தசை அசைந்தது. வெகுநாளாக அசையாத தசை. கொஞ்சம் வலித்தது.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவன் இலைகளை அடுப்புத் தீயில் காட்டி வாட்டினான். நடுநரம்பைச் சீவினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரில் கட்டுச்சோறு கட்டும்போது பார்த்தது, கை நினைவில் வைத்திருந்தது. இலை சூட்டில் வியர்த்து, நிறம் கறுத்து, துணிபோல வளைந்தது. அந்த வாசனை எழுந்தபோது குசினி சற்று நகர்ந்து வேறெங்கோ நின்றதுபோல் இருந்தது. இஸ்மே அவனுக்கு முதுகு காட்டிக்கொண்டு சாதிக்காயைத் துருவிக்கொண்டிருந்தாள்.

மேசையில் பழுப்புச் சர்க்கரை டப்பா திறந்து இருந்தது. அதைக் கையில் எடுத்தான்.

"சர்க்கரை?" என்று கிசுகிசுத்தான்.

அவள் திரும்பிப் பார்த்து, கிளிப்போடு, "ம்" என்று தலையை ஆட்டினாள். போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டான். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தான்.

பொட்டலங்கள் மடிந்தன. பாத்திரத்தில் அடுக்கி மூடினார்கள். தண்ணீர் கொதித்தது. இஸ்மே கிளிப்பை எடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து தாடையைத் தடவினாள். ஆவி மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. சுவர்கள் ஈரமாயின. ஜன்னலுக்கு வெளியே இருந்த கொல்லை, வேலி, துணிக்கொடி எல்லாம் மெல்ல மெல்ல வெளுத்து மறைந்தன.

அப்போது ஜன்னல் கண்ணாடியில் ஏதோ தோன்றியது.

முதலில் புள்ளிகள். பிறகு அவற்றைச் சுற்றி வளையும் கோடு. ஆவி படியப் படிய அது தெளிந்தது. விரலால் போட்ட சின்னக் கோலம். ஒரு மூலையில் கோடு சேராமல் விட்டுப்போயிருந்தது. வேதாவின் கோலங்கள் எப்போதும் அப்படித்தான். முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

"ஆவி வந்தா வரும்" என்றாள் இஸ்மே. "காய்ஞ்சதும் போயிடும். மத்த கண்ணாடியெல்லாம் துடைக்கிறேன். அதை மட்டும் துடைக்கிறதில்ல."

அவன் பக்கத்தில் போய் நின்றான். தொடவில்லை. மூச்சு பட்டால் அழிந்துவிடுமோ என்று தள்ளியே நின்றான். ஆனால் மூச்சு பட்ட இடத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை யோகா அன்ரி வடை, பாயசம், கறிவகைகளோடு வந்து இறங்கினார். கணேசலிங்கம் அங்கிள் மின்வாரிய எஞ்சினியர். சாம்பார்ச் சட்டியை அணுகுண்டு போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள் சிலர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். இட்லியும் வெந்தது, அதே பாத்திரத்தில். இஸ்மே சர்ச்சுக்குப் போடும் நீலத் தொப்பியோடு வந்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றவளை அன்ரி கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டார்.

வேதாவின் படத்துக்கு முன் இலை போட்டார்கள். கல்வாழை இலைதான். நடுவில் காங்கிப் பொட்டலம். கற்பூரம் எரிந்தது. காகத்துக்கு வைத்த சோற்றைக் கொல்லையில் ஒரு மேக்பை வந்து கொத்தியது.

"காகம் வரேல்லை" என்றார் அன்ரி கவலையாக.

"அது காகந்தான். இந்த நாட்டுக் காகம், பாதி வெள்ளை" என்றார் அங்கிள். "வந்த இடத்திலை உள்ளதோடைதானே சீவிக்கவேணும்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அன்ரி முதல் வேலையாகக் காங்கியைத்தான் பிரித்தார். முகர்ந்து பார்த்தார். "எங்கடை இலையடை மாதிரியெல்லே வாசம்" என்று ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்வது மெதுவாகியது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தண்ணீர் குடித்தான்.

இஸ்மே கடித்தாள். கடித்தபடியே நின்றுவிட்டாள்.

"சர்க்கரை" என்றாள். "நீங்க போடலையா?"

"நீங்க போட்டாச்சுன்னு தலையாட்டினீங்க."

"போடுங்கன்னு தலையாட்டினேன்."

வாசுதேவன் தன் கையிலிருந்த துண்டை வாயில் வைத்தான். பூசணி தெரிந்தது. தேங்காய் தெரிந்தது. சாதிக்காயின் லேசான காரம், இலையின் புகை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்று இல்லை. இருக்கவேண்டியது இல்லை. அது இல்லாத இடம் நாக்கில் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. ஒரு வருஷமாக அவன் எதைத் தின்றாலும் எது இருந்தது, எது இல்லை என்று தெரிந்ததில்லை. விழுங்க நேரம் பிடித்தது.

"பறவாயில்லை" என்று எழுந்தார் அன்ரி. "சீனிப் போத்தலைக் கொண்டுவாறன். பிள்ளையளுக்கு இட்டலிக்குக் குடுக்கிற மாதிரித் தொட்டுத் தொட்டுத் தின்னுங்கோ. ருசி பாக்காமல் செய்தது நான் சொல்லித்தானே, என்ர பிழை." எல்லோருடைய இலையிலும் ஒரு கரண்டி வைத்தார். இறுக்கம் தளர்ந்தது. ஒரு மாணவன் இரண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டினான். அங்கிள் சர்க்கரையை மட்டும் தனியாகத் தின்று அன்ரியிடம் பேச்சு வாங்கினார்.

இஸ்மே மட்டும் தொடவில்லை. படத்துக்கு முன்னால் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளோடதுலயும் இல்லையே" என்றாள்.

படைத்ததை மாற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாசுதேவன் எழுந்தான். அன்ரியின் கையிலிருந்து போத்தலை வாங்கினான். படத்துக்கு முன் மண்டியிட்டு, வேதாவின் பொட்டலத்தைப் பிரித்து, இஸ்மே கைகாட்டும்வரை சர்க்கரை தூவினான். அவள் சீக்கிரம் கைகாட்டவில்லை. அன்ரி ஏதோ சொல்ல வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டார்கள். கற்பூரம் அணைந்து கரியானது. படையலை எடுத்து வீட்டுக்காரர்தான் சாப்பிடவேண்டும். அன்ரி இலையோடு அதை அவன் கையில் கொடுத்தார்.

அவன் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. பொட்டலத்தை அதில் வைத்து மூடினான். ஆவி வந்ததும் எடுத்தான். விரல் சுட்டது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். ஊதினான்.

"இருந்து சாப்பிடுமன் தம்பி" என்று கதிரையை இழுத்துப் போட்டார் அன்ரி.

"இல்ல அன்ரி" என்றான். "இது நின்னுக்கிட்டுதான் சாப்பிடணும்."

அப்படியே நின்று சாப்பிட்டான். சர்க்கரை உருகி விரலிடுக்கில் ஓடியது. கடைசியில் இலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான். வாசலில் நின்ற இஸ்மே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.